ஆள் வராத படங்கள்

தம்பி,

இதைப் படிக்கும்போது உனக்குக் கோபம் வரும். வரட்டும். கோபம் வந்தால் மூக்கு நுனியைத் தேய்ப்பாயே, தேய்த்துக்கொண்டே கடைசிவரை படித்துவிடு. உனக்கு மட்டும் தனியாக எழுதிப் போட்டிருக்கலாம். போட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பாதி படித்ததும் போன் பண்ணுவாய். "அம்மா, மாத்திரை போட்டியா? கண்டதையும் நெனச்சுக் கொழப்பிக்காம படு" என்பாய். நானும் "சரிப்பா" என்று படுத்துவிடுவேன். முப்பத்தாறு வருஷம் பிரம்பை வைத்துக்கொண்டு வகுப்பில் கத்தியவள், உன் ஒரு "படும்மா"வுக்கு அடங்கிப்போகிறேன். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். என் பெயரைப் போடவில்லை. உன் பெயரையும் போடவில்லை. முருகையன் என்று எழுதப்போகிறேனே, அவனுக்கும் நிஜப் பெயர் வேறு. அந்த மட்டுக்குத்தான் எனக்குத் துணிச்சல்.

வருகிற வியாழக்கிழமை தாலுக்கா ஆபீசில் என் வாக்குமூலத்தை எழுதப்போகிறார்கள். நம்முடைய ஆறு மா நிலத்தை, உன் கணக்கில் இரண்டு ஏக்கர், யார் சாகுபடி செய்கிறார்கள் என்று நான் என் வாயால் சொல்லவேண்டும். முருகையன் அந்த வயலில் குத்தகைக்காரனாக இருப்பானா, இல்லை வரப்பை விட்டு இறங்கிப்போவானா என்பது அதில்தான் இருக்கிறது. என்ன சொல்லவேண்டும் என்று நீயும் வக்கீலும் எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள். நானும் நல்ல பிள்ளையாகத் திருப்பிச் சொல்லிக்காட்டினேன். வக்கீல்கூட "டீச்சரம்மா பாயிண்டைப் புடிச்சுக்கிட்டாங்க" என்று மெச்சிக்கொண்டார். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

இது எங்கிருந்து ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்தால் சிரிப்பாகக்கூட இருக்கிறது. உன் அப்பா போய் இரண்டு மாதம். நான் குளிக்காமல், சமைக்காமல், டிவியைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். சென்னைக்கு வந்துவிடு என்றாய், வரமாட்டேன் என்றேன். அப்போதுதான் இந்தப் போட்டியைக் கொண்டுவந்தாய். "அம்மா, எங்க ஆபீஸ்ல ஒரு சேலஞ்ச் ஓடுது. தெனம் வீட்டுல கெடக்கற சாமான் ஒண்ணு, தெனம் ஒரு போட்டோ. ஒரு வருஷம். ஒரு நாள் விட்டாலும் அவுட்டு. நீயும் பண்றே. நம்ம குடும்ப குரூப்புல போடு." நான் "போடா, வேற வேலை இல்ல" என்றேன். நீ விதியெல்லாம் சொன்னாய். கடையில் வாங்கிவந்து வைத்து எடுக்கக்கூடாது, புழங்குகிற பொருளாக இருக்கவேண்டும். முக்கியமாக, ஆள் வரக்கூடாது. "ஆள் வந்துட்டா எல்லாரும் மூஞ்சியத்தாம்மா பார்ப்பாங்க. சாமானைப் பார்க்க மாட்டாங்க" என்றாய்.

முதல் படம் இட்லிப் பானை. அதில் பாதியை என் கட்டைவிரல் மறைத்திருந்தது. "அத்தையோட கட்டைவிரல் சூப்பர்" என்று மருமகள் எழுதியதும் எனக்கு வந்ததே ரோஷம்! மறுநாள் முறுக்கு அச்சு. அதற்கு மறுநாள் உன் அப்பாவின் கண்ணாடிக் கூடு. ஊறுகாய் ஜாடி, துணி காயப்போடுகிற கொடி, பக்கத்து வீட்டு பாத்திமா நாகூர் போய்வந்து கொடுத்த சர்க்கரைப் பொட்டலம், எல்லாம் எடுத்தேன். ஜன்னல் வெயில் எத்தனை மணிக்கு அலமாரி மேல் விழும் என்று பார்ப்பதற்காகவே காலையில் எழுந்தேன். எழுந்த பாவத்துக்குக் குளித்தேன், குளித்த பாவத்துக்கு ஒரு ரசம் வைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் படங்கள்தான் என்னை உயிரோடு வைத்திருந்தன. அதற்காக உனக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை எந்த வாக்குமூலத்திலும் எழுதமுடியாது.

அறுபது எழுபது நாளில் வீட்டில் சாமான் தீர்ந்துபோயிற்று. ஒரே கரண்டியை மூன்று பக்கம் திருப்பி எடுத்தால் நீ கண்டுபிடித்துவிட்டாய். அப்போதுதான் வயலுக்குப் போக ஆரம்பித்தேன். சம்பா நடவு நேரம். முருகையன் வாய்க்காலில் மடை கட்டிக்கொண்டிருந்தான். அவனை உனக்குத் தெரியும், சின்ன வயதில் அவன் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்திருக்கிறாய். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் வேலையில் சேர்ந்த முதல் வருஷம் மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். அவனுக்கு முன்னால் அவன் அப்பா, எங்கள் அப்பாவின் காலத்திலிருந்தே அந்த ஆறு மாவை வாய்வார்த்தைக் குத்தகைக்கு உழுதவர். இன்றுவரை நம் வீட்டு அரிசி அவர்கள் அளந்து போடும் நெல்லிலிருந்து வருவதுதான். நானோ, உன் அப்பாவோ, நீயோ ஒரு நாள் அந்தச் சேற்றில் கால் வைத்தது கிடையாது.

"என்னங்க டீச்சர், இந்த வெயில்ல?" என்றான்.

"ஒன் மம்முட்டியப் படம் புடிக்கணும்டா."

"மம்முட்டியவா? அதுல என்னங்க டீச்சர் இருக்கு?" என்று சிரித்தவன், வாய்க்காலில் இறங்கி மண்வெட்டியைத் தேய்த்துக் கழுவினான். பிடியைத் துண்டால் துடைத்து வரப்பில் சாய்த்துவைத்தான். நான் போனைத் தூக்கியதும் பக்கத்தில் விறைப்பாக நின்றுகொண்டான், பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோவுக்கு நிற்பதுபோல. எனக்குச் சொல்லவே சங்கடமாக இருந்தது. "நீ வரக்கூடாதாம் முருகையா. சாமான் மட்டுந்தானாம். கொஞ்சம் தள்ளி நில்லு" என்றேன். அவன் ஒன்றும் நினைக்கவில்லை. நாலு எட்டு தள்ளிப்போனான். நான் அமுக்கப்போகும்போது, "இருங்க டீச்சர், என் நெழலு விழுவுது பாருங்க" என்று சொல்லி, வரப்பைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்றான். படம் பிரமாதமாக வந்தது. மண்வெட்டி, அதன் பின்னால் நம் வயல், வானம். குருவி எச்சம்கூட இல்லாத சுத்தமான படம்.

அன்றிலிருந்து அவனே ஏதாவது எடுத்துவைத்துக்கொண்டு காத்திருப்பான். "இன்னிக்கு பரம்புப் பலகையக் கழுவி வச்சிருக்கேன், வாங்க." வயலைச் சமன் பண்ணுகிற அந்தப் பலகை, கருக்கரிவாள், நாற்றுக் கட்டுகள், மோட்டார் கொட்டகை சுவிட்சு, வரப்பில் கழற்றிவிட்ட செருப்பு, மருந்து தெளிக்கிற டப்பா. அவன் பெண்டாட்டி தனம், "ஐய, நசுங்குன தூக்குவாளியப் போயா படம் எடுக்கறீங்க, இருங்க டீச்சரம்மா" என்று புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒருநாள் நாற்றுக் கட்டை எடுக்கும்போது ஓரத்தில் முருகையனின் கை வந்துவிட்டது. ஐந்து விரலும் சேறு. நல்ல படம் அது. ஆனால் விதி விதிதானே? அழித்துவிட்டு வேறு எடுத்தேன். அவனைச் சொல்லிச் சொல்லி நகர்த்தினேன். வாத்தியார் சொன்னால் நகர்கிற பழக்கம் அவனுக்கு. நீ அன்று, "அம்மா, வயல் சீரிஸ் வேற லெவல்" என்று எழுதியிருந்தாய். எனக்குத் தலைகால் புரியவில்லை.

உன் கம்பெனியில் உன்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று நீ என்னிடம் சொல்லவில்லை. மருமகள்தான் அழுதுகொண்டே சொன்னாள். நாற்பத்தாறு வயதில் வேலை தேடி அலைகிறாய் என்பது எனக்குத் தெரியும் என்பதே உனக்குத் தெரியாது. ஆறு மாவை விற்கலாம் என்று நீ சொன்னபோது நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாததற்குக் காரணம் அதுதான். புரோக்கர் வந்து டேப் பிடித்து அளந்தான். அதைப் பார்த்துப் பயந்துபோய் முருகையன், என்னைக் குத்தகைக்காரனாகப் பதிவு பண்ணுங்கள் என்று மனு கொடுத்தான். பதிவு இருந்தால் அவனை வெளியேற்ற முடியாது. வெளியேற்றாமல் யாரும் நிலத்தை வாங்கமாட்டார்கள். உங்கள் இரண்டு பேரில் யாருடைய பயம் பெரியது என்று நான் எந்தத் தராசில் நிறுத்துப் பார்ப்பது, சொல்லு?

அப்புறம் நடந்ததுதான் என் நெஞ்சை அறுக்கிறது. நீங்களே சொந்தமாகச் சாகுபடி பண்ணுவதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று வக்கீல் கேட்டிருக்கிறார். நீ சந்தோஷமாகப் போன் பண்ணினாய். "அம்மா, ஒன் போட்டோவெல்லாம் இருக்கே! தேதியோட, நேரத்தோட! நம்ம மம்முட்டி, நம்ம அரிவா, நம்ம மோட்டாரு. ஒருத்தன் மூஞ்சிகூட இல்ல!" அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பெருமையாக இருந்தது. நாம் விளையாட்டாக எடுத்தது கவர்ன்மெண்ட் ஆபீசுக்குப் போகிறதே என்று இருந்தது. எதை எதைக் கொடுப்பது என்று நீ கேட்டபோது, "அந்தத் தூக்குவாளி படம் கொஞ்சம் ஆடியிருக்கு, அது வேணாம். பரம்புப் பலகை நல்லா வந்திருக்கு, அதப் போடு" என்று நானே உட்கார்ந்து பொறுக்கிக் கொடுத்தேன். நாற்பது படம். அத்தனையும் முருகையனின் சாமான். அவன் கழுவித் துடைத்து வைத்தது. போனை வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போன பிறகுதான் நான் செய்தது என்னவென்று எனக்கு உறைத்தது. உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இது உன் அப்பாவுக்கே தெரியாது. நான் டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வீட்டில் இருந்த சமயம். அப்போது புதிதாக வந்திருந்த ஆட்சியில், உழுகிறவன் பெயரைக் குத்தகைப் பதிவேட்டில் ஏற்றவேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார்கள். ஊர் ஊராக அதே பேச்சு. கீழ்வேளூர்ப் பக்கமெல்லாம் போலீஸ் நிறுத்தித்தான் அறுப்பு நடந்தது. எங்கள் அப்பா பெரிய மிராசு ஒன்றும் இல்லை. ஆறு மாவை வைத்துக்கொண்டு அறுபது வேலிக்காரர்போலப் பயந்தவர். முருகையனின் அப்பா ஒரு மத்தியானம் கொல்லைப்பக்கமாக வந்தார். இடுப்பில் நாலாக மடித்து வைத்திருந்த மனுத் தாளை எடுத்து நீட்டினார். "பாப்பா, இதக் கொஞ்சம் எழுதிக் குடுங்க. கைநாட்டு நான் வச்சுக்கறேன்" என்றார். அந்தத் தெருவில் எழுதத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். நான் உள்ளே போய் அப்பாவிடம் கேட்டேன். அவர் தினசரியை விலக்காமலே சொன்னார், "எழுதாத. எழுத மாட்டேன்னும் சொல்லாத."

அதே மாதிரி செய்தேன். "அடுத்த வாரம் வாங்க" என்றேன். அடுத்த வாரம் வந்தார். "பேனாவுல மை இல்ல, வெள்ளிக்கிழமை வாங்க" என்றேன். வந்தார். அவர் கடைசியாக வந்தபோது, ஊருக்கு வந்து மனு வாங்கிய அதிகாரிகள் போய்விட்டிருந்தார்கள். "பரவால்ல பாப்பா. ஐயா எங்கள விட்டுடவா போறாரு" என்று சொல்லிவிட்டு, தாளை அதே மடிப்பில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். நான் அப்போது பொய் சொல்லவில்லை. மை இல்லாதது நிஜம்தான். ஆயிரம் பிள்ளைகளுக்கு உண்மை பேசு, உண்மை பேசு என்று கையெழுத்துப் பயிற்சியில் எழுதவைத்தவள் நான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மிச்சத்தை விழுங்குவதை யாரும் எந்தப் பாடத்திலும் சேர்க்கவில்லை. உனக்கும் நான் சொல்லித்தரவில்லை. என் வீட்டிலேயே நீ அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டாயோ என்னவோ.

போன மாத விசாரணையில் நீயும் இருந்தாய். ஆனால் நான் பார்த்ததை நீ பார்த்திருக்கமாட்டாய். நாற்பது படத்தையும் பெரிதாக அச்சடித்து, ஒரு ஆல்பமாகவே கொண்டுவந்திருந்தார் வக்கீல். அதிகாரி பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். "இதெல்லாம் நீங்க எடுத்ததுங்களாம்மா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். "உங்க வயல்லயே எடுத்ததா?" ஆமாங்க என்றேன். இரண்டும் சத்தியம். அப்புறம் ஆல்பத்தை முருகையன் பக்கம் நகர்த்தினார். அவன் பார்த்தான். முதல் நாலைந்து பக்கம் அவன் முகம் மலர்ந்துதான் இருந்தது. அவன் இந்தப் படங்களைப் பார்த்ததே இல்லை, எடுக்கும்போது எதிர்ப்பக்கம் நின்றவன்தானே. பிறகு புரிந்துவிட்டது.

"சார், இது என் மம்முட்டிங்க. பிடி நான் போட்டது. கழுவிச் சாச்சு வச்சதும் நாந்தாங்க" என்றான்.

"ஒன் பேரு அதுல எழுதியிருக்கா?" என்றார் நம் வக்கீல். அங்கே நின்ற இரண்டொருவர் சிரித்தார்கள்.

அவன் என் பக்கம் திரும்பினான். "டீச்சர், நீங்க சொல்லுங்க டீச்சர்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குக்கு விடை தெரியாத பிள்ளை வாத்தியாரைப் பார்க்குமே, அப்படிச் சொன்னான். நான் ஆல்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை அதிகாரி கேட்கவில்லையே, கேட்காமல் எப்படிப் பேசுவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேட்டிருந்தால் மட்டும் சொல்லிக் கிழித்திருப்பேனா? அந்தச் சேற்றுக் கை விழுந்த படத்தை அழிக்காமல் விட்டிருந்தால்கூட, நான் வாயைத் திறக்காமலே அவன் தப்பித்திருப்பான். மேற்கொண்டு விசாரணை என்று தேதி போட்டுவிட்டு அதிகாரி எழுந்துபோனார். அன்றோடு நான் படம் எடுப்பதை நிறுத்தினேன். நீ மறுநாள் குரூப்பில் "அம்மா அவுட்டு!" என்று சிரிக்கிற பொம்மை போட்டாய்.

போன வாரம் ரேஷன் கடையில் தனம் எனக்கு முன்னால் வரிசையில் நின்றாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருந்தாலும் நான் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் கடைக்காரரிடம், "டீச்சரம்மாவால ரொம்ப நேரம் நிக்க முடியாது. அவங்களுக்கு மொதல்ல போட்டு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு விலகி வழிவிட்டாள். வீட்டுக்கு வந்து அந்த ரேஷன் பையை அப்படியே கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன். இந்த வயதில் இப்படிக் கேவிக் கேவி அழமுடியும் என்றே எனக்குத் தெரியாது.

உனக்கு அறிவுரை சொல்கிற இடத்தில் நான் இல்லை. நிலத்தை விற்காதே என்று சொன்னால், வேறு வழி என்ன என்று நீ கேட்பாய், என்னிடம் இல்லை. என் பென்ஷன் எனக்கும் மாத்திரைக்கும் சரியாக இருக்கிறது. விற்றுக்கொள் என்று சொன்னால், அறுபத்து மூன்று வயதில் முருகையன் எங்கே போய் நிற்பான் என்று என்னையே நான் கேட்கிறேன். நீ கெட்டவன் இல்லை. உன்னைக் கெட்டவன் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகிற முதல் ஆள் நான்தான். என் கண் ஆபரேஷனுக்குப் பதினைந்து நாள் லீவு போட்டுவிட்டு வந்து, வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட்டவன் நீ. அந்தக் கண்ணால்தான் இத்தனை படமும் எடுத்தேன். எல்லாம் எனக்குத் தெரிகிறது. தெரிந்து என்ன, எதற்கும் கை எழவில்லை.

வியாழக்கிழமை காலை ரயிலில் நீ வந்துவிடுவாய். டிபன் வைத்திருப்பேன், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். போன தடவை தாலுக்கா ஆபீஸ் படியில் எனக்குக் கால் தடுமாறியது. நீ என் முழங்கையைப் பிடித்தாய். உள்ளே போய் நின்ற பிறகும் விடவில்லை. விசாரணை முடிகிறவரைக்கும் பிடித்துக்கொண்டே இருந்தாய். முருகையன் "சொல்லுங்க டீச்சர்" என்றபோது நீ என்னை அழுத்தவில்லை, கிள்ளவில்லை, எதுவும் செய்யவில்லை. சும்மா பிடித்திருந்தாய். உன் அப்பா போன பிறகு என்னை யாரும் அப்படிப் பிடித்ததில்லை. அதை உதறிவிட்டுப் பேச என்னால் முடியவில்லை தம்பி. இந்தத் தடவையும் முடியாது. என்னை எனக்குத் தெரியும். அதனால் வியாழக்கிழமை நான் தனியாகப் படியேறுகிறேன். மெதுவாக ஏறுவேன், விழுந்தாலும் நானே எழுந்துகொள்கிறேன். அந்த ஒரு நாள் மட்டும் என்னைப் பிடிக்காதே.

அம்மா